ஓடைக்கு அந்தப்பக்கம் எப்படி?

லமோலா,
ஆகஸ்ட் மாதம், எள்ளுக்குக் களை எடுக்கும் நேரம்.

கிடேகாவுக்கு, ஒஜாராவின் மனைவி அபெர் எழுதுவது.

உறைமேல் கையெழுத்தைப் பார்த்ததும் உன் பெண்டாட்டி லாலம் எழுதியிருக்கிறாள் என்று அவசரமாகப் பிரித்திருப்பாய். கையெழுத்து அதேதான். இத்தனை வருடமாக லாலம் பேரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் அவள் சொல்ல நான் எழுதியவை. அவளுக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து டீச்சர் யாராவது எழுதித் தருகிறார் என்று நினைத்திருப்பாய். டீச்சருக்கு வேறு வேலை இல்லையா? நான்தான் எழுதினேன். நீ எவனைக் கொன்றாயோ அவன் பெண்டாட்டி. இன்றைக்கு நானே சொல்லி நானே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். பேனா நகரவில்லை. அது கிடக்கட்டும்.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயா, இதில் தப்பியோடுகிற திட்டம் ஏதும் இல்லை. அவனை ஊருக்கு வரச் சொல்கிற கடிதம்தான். கறுப்பு மையால் எதையும் அடித்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இங்கே மழை பரவாயில்லை. கேழ்வரகு அறுத்து உள்ளே வந்துவிட்டது. எள் முழங்கால் உயரம் நிற்கிறது. என் மாமனார் ஒலான்யாவுக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மட்டும் மங்கவில்லை. நேற்றுகூட என் புளிச்சக்கீரைக் குழம்பில் நிலக்கடலை போதவில்லை என்று அரை நாள் புலம்பினார்.

நீ அனுப்பும் கடிதத்தை லாலம் அடிபம்புக்கு எடுத்துக்கொண்டு வருவாள். அவள் கேன் ஒரு பக்கம், என் கேன் ஒரு பக்கம். நான் உரக்க வாசிப்பேன். நாங்கள் பேசிக்கொள்ளலாம், சிரித்துக்கொள்ளலாம், ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன்கூடப் பார்க்கலாம். ஒருத்தி கொடுத்ததை மற்றவள் வாயில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் குலத்துக்கும் எங்கள் குலத்துக்கும் நடுவில் ஒரு சாவு தீராமல் கிடக்கிறது. அதைத் தாண்டிச் சோறோ தண்ணீரோ போனால் சாப்பிட்டவர் பிழைக்கமாட்டார். இதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் லாலமும் ஒரே ஊரில் பிறந்து, ஒரே கோடையில் கல்யாணமாகி, ஓடைக்கு இந்தப்பக்கம் நானும் அந்தப்பக்கம் அவளும் வாழ வந்தவர்கள். சின்ன வயதில் ஒரே மாம்பழத்தை மாற்றி மாற்றிக் கடித்தவர்கள். இப்போது அவள் வீட்டில் எள் வறுக்கும் வாசனை காற்றில் என் வீட்டுக்கு வருகிறது. வாசனைக்குத் தடை இல்லையாம், பெரியவர்களைக் கேட்டுவிட்டேன்.

உன் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்று இருக்கும். 'ஓடைக்கு அந்தப்பக்கம் எப்படி?' என்று கேட்பாய். அந்தப்பக்கம் என்றால் நான். பேர் சொல்லிக் கேட்க உனக்கு வாய் வந்ததில்லை. நான் அந்த வரியையும் உரக்க வாசிப்பேன். லாலம் என் முகத்தைப் பார்க்காமல் கேனைக் கழுவிக்கொண்டே, "நலம்னு எழுது" என்பாள். நான் எழுதுவேன். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

போன வாரம் வந்த கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். டிசம்பரில் விடுதலை என்று எழுதியிருந்தாய். லாலம் கேனைப் போட்டுவிட்டுக் குதித்தாள். இந்த வயதில் அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவள் ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த வரியை நான் எப்படி வாசிப்பேன்? ஊருக்கு வரப்போவதில்லை, தெற்கே ஜிஞ்சா பட்டணத்தில் தச்சுப் பட்டறை போடப்போகிறேன், நீ பிள்ளைகளோடு அங்கே வந்துவிடு, நான் செய்ததற்கு முழுசாக அனுபவித்தாயிற்று, இனி யாருக்கும் என்னிடம் பாக்கி இல்லை என்று எழுதியிருந்தாயே, அதை. வாசித்தேன். அவள் ஆட்டம் நின்றது. கேனை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அனுபவித்தாயிற்று என்கிறாயே, யாரிடம்? எனக்கு எதுவும் வந்து சேரவில்லையே.

உனக்கு நினைவிருக்கும், குலுவில் கோர்ட்டு. டவாலி வாசலில் நின்று கூப்பிட்டான், 'உகாண்டா எதிர் கிடேகா' என்று. நான் பக்கத்தில் இருந்த போலீஸ்காரரிடம் என் வழக்கு எப்போது வரும் என்று கேட்டேன். இதுதான்மா உன் வழக்கு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உகாண்டாவையா நீ அடித்தாய்? தலை உடைந்து முற்றத்தில் கிடந்தது உகாண்டாவா? என் பேரும் இல்லை, என் புருஷன் பேரும் இல்லை. அரசாங்கம் நடுவில் புகுந்து என் துக்கத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், அன்று நீ என்ன சட்டை போட்டிருந்தாய் என்று கேட்டார்கள், போதும் இறங்கு என்றார்கள். உனக்கு என்ன வேண்டும் அம்மா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. உன்னைத் தூக்கில் போடச் சொல்லியிருப்பேன். அவ்வளவு கோபம் எனக்கு. உனக்குச் சிறை என்றதும் அன்றைக்கு ஒரு நாள் நன்றாகத் தூங்கினேன்கூட. மறுநாள் எழுந்து பார்த்தால் படுக்கையில் அதே காலி இடம்.

உன்னை எதற்கு உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். மனம் திருந்துவதற்கு என்றார் பாதிரியார். உன்னைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுவதற்கு என்றார் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அந்தப் போலீஸ்காரரோ, வெளியே விட்டால் இன்னொருத்தனை அடித்துவிடுவான் என்றார். நீயா? கோழி கழுத்தைத் திருகக்கூட லாலத்தைக் கூப்பிடுகிற ஆள் நீ. என் மாமனார் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, செத்தவன் வீட்டுக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

ஒன்று சொல்கிறேன், கேள். நீ அடித்ததைவிட எனக்கு அதிகம் வலித்தது அந்தக் கூண்டில் நின்று நீ சொன்னது. 'நான் குற்றவாளி இல்லை' என்றாய். வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்று தெரியும். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லவேண்டுமாம், அது ஒரு முறையாம். நல்ல முறை! எங்கள் முறையில் அடித்தவன் முதலில் வாயைத் திறந்து நான்தான் அடித்தேன் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் வேறு எதுவும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. நீ அன்று அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் இத்தனை வருடமும் என் காது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறது.

முகாமில் இருந்ததை நினைத்துக்கொள்கிறேன். சண்டைக்காலம், ஊரைக் காலிசெய்து நம்மையெல்லாம் அங்கே அடைத்திருந்தார்கள், சுற்றிலும் சிப்பாய்கள், ஒட்டி ஒட்டிக் குடிசைகள். யாராவது கேட்டால் நரகம் என்றுதான் சொல்வோம். ஆனால் எனக்கு இப்போது அந்த நரகத்தின்மேல் ஏக்கமாக இருக்கிறது கிடேகா. நாம் நாலு பேருக்கும் ஒரே சட்டி. லாரியில் வரும் சோளமாவைக் கிண்டி வைத்தால் நாலு கை ஒன்றாக உள்ளே போகும். பீன்ஸைத் தின்றுகொண்டே நீயும் ஒஜாராவும் மான் வேட்டை பேசுவீர்கள். ஊர் திரும்பியதும் எந்தப் புல்வெளியில் நெருப்பு வைப்பது, எங்கே வலை கட்டுவது என்று. இல்லாத மானை இருவரும் சேர்ந்து குத்திச் சாய்ப்பீர்கள். பிறகு பங்கு. 'முதல் ஈட்டி உன்னுது, நீ எடுத்துக்க' என்று நீ சொல்வாய். 'இல்லடா, நீதான் விழ வச்சே, உனக்குத்தான்' என்று அவன் சொல்வான். லாலம் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடுவாள். அந்த இல்லாத மானை நாம் எத்தனை முறை தின்றிருப்போம்! ஒருநாளும் பங்கில் சண்டை வந்ததில்லை.

பிறகு சமாதானம் வந்தது, ஊருக்கு வந்தோம், வீடு கட்டினோம், முதல் கோடையில் நிஜமான மான் ஒன்று வந்தது. முதலில் கீறியது ஒஜாராவின் ஈட்டி, விழவைத்தது உன்னுடையது. யாருக்கு மான், யாருக்கு முன்னங்கால் என்று உங்களுக்கு எங்கே தெரியும்? வேட்டைக்கே போகாமல் முகாமுக்குள் வளர்ந்தவர்கள். தெரிந்த என் மாமனார் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். ஒரே பானைக் கேழ்வரகுக் கள்ளில் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டே பேச ஆரம்பித்தீர்கள். அதற்கு மேல் எழுதவேண்டாம். அந்த மானை ஒருத்தரும் தொடவில்லை. முற்றத்திலேயே கிடந்து நாறியது.

ஊருக்கு வா. சொல்லவேண்டியதைச் சொல். ஓப்புட் மரத்தின் கசப்பு வேரை இடித்துக் கள்ளில் கரைத்து, இரண்டு குலமும் ஒரே குடுக்கையில் குடித்தால்தான் இது தீரும். சாவுக்கு ஈடாகத் தரவேண்டிய மாடு கன்று எல்லாம் உன் குலம் பார்த்துக்கொள்ளும், பேசிவிட்டார்கள். கசப்பு வேர் இங்கே காடெல்லாம் இருக்கிறது. குறைவது நீ மட்டும்தான். பதில் எழுது. லாலத்துக்கு எழுதாதே, எனக்கு எழுது.

இப்படிக்கு,
அபெர்


லமோலா,
அக்டோபர்.

கிடேகாவுக்கு, அபெர் எழுதுவது.

நீ பதில் எழுதவில்லை. சரி. கடிதத்தை அதிகாரியே வைத்துக்கொண்டாரா, நீதான் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறாயா, தெரியவில்லை. எதுவானாலும் இப்போது உன் மௌனத்துக்கு மரியாதை கொடுக்க எனக்கு நேரமில்லை. லாலத்துக்கு உடம்பு சரியில்லை.

பயப்படாதே. முதலில் மலேரியா என்றார்கள், பிறகு டைபாய்டு என்றார்கள். ஊசி போட்டு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டாள். உன் மகள் அதோச் ஓடியாடிப் பார்த்துக்கொள்கிறாள், நல்ல பெண். நான் காலையும் மாலையும் ஓடையைத் தாண்டிப் போய் வாசலில் நின்று, வாயால் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். கஞ்சியில் உப்பு போட்டியா, மாத்திரை கொடுத்தியா என்று வாசலில் நின்று அதிகாரம் செய்கிற வேலை எனக்கு. அதோச் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். உச்சி வெயில். அதோச் எள் வயலுக்குப் போயிருந்தாள், மழை வருவதற்குள் முற்றியதை அறுத்தாகவேண்டும். நான் எட்டிப்பார்க்கப் போனேன். லாலம் பாயில் கிடந்தாள். உடம்பு நெருப்பு. பக்கத்தில் இருந்த பானை காலி. என்னைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. முகாமில் கூப்பிடுவாளே, அதே குரலில் கூப்பிட்டாள்.

"அபெர், தண்ணி குடுடி."

நான் அவள் கேனையே எடுத்துக்கொண்டு பம்புக்கு ஓடினேன். பம்பு யார் குலத்துக்கும் சொந்தமில்லை, தொண்டு நிறுவனத்துக்காரர்கள் போட்டது. கேன் அவளுடையது. குடுக்கை அவளுடையது. ஓடும்போதே இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினேன், வக்கீல் மாதிரி. தண்ணீரை மொண்டு குடுக்கையோடு அவள் தலைமாட்டுக்கு வந்தபோதுதான் உறைத்தது. கை என்னுடையது.

நின்றுவிட்டேன். கொடுத்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காய்ச்சலில் போனால்கூட அபெர் கொடுத்த தண்ணீரில் போனாள் என்றுதான் ஆகும். உன் பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு சாவு. கீழே வைத்தேன். அவளால் கையை ஊன்றித் தலையைத் தூக்க முடியவில்லை. மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் வைத்தேன்.

அவளுக்குக் காய்ச்சலில் எல்லாம் மறந்துவிட்டிருந்தது கிடேகா. நீ அடித்தது, கோர்ட்டு, பம்பு, கேன் எல்லாம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏண்டி, எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டாள்.

ரோட்டுக்கு ஓடினேன். பைக் டாக்ஸிக்காரன் ஒருத்தன் போய்க்கொண்டிருந்தான். குறுக்கே விழுந்து மறித்தேன். எந்த ஊர், எந்தக் குலம் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போப்பா என்றேன். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, குனிந்து, என் தோழியின் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். எவனோ ஒருத்தனுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை. உனக்குச் சிறை என்று எழுதினார்களே அந்தத் தீர்ப்பில், இதையும் எழுதியிருந்தார்களா என்று யாராவது படித்துச் சொல்லுங்கள்.

விஷயம் சாயங்காலமே இரண்டு பக்கமும் பரவிவிட்டது. மறுநாள் மரத்தடியில் கூட்டம். நான் கேனைத் தூக்கி வந்தது தப்பா இல்லையா என்று. உங்கள் பெரியவர் ஒருத்தர், தண்ணீர் பொதுத் தண்ணீர், பாத்திரம் எங்கள் பாத்திரம், குற்றமில்லை என்றார். எங்கள் பக்கத்துக்காரர், கை பட்டால் பட்டதுதான், ஆடு அறுக்கணும் என்றார். அப்படியானால் பம்பின் கைப்பிடியை இரண்டு குலமும் பிடித்து அடிக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர் என்று உங்கள் பெரியவர். இரும்புக்குக் குலம் உண்டா என்று எங்கள் பக்கத்துக்காரர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையையும் அடக்க முடியவில்லை. கடைசியில் என் மாமனார் தடியால் தரையைத் தட்டினார். பானை யாருடையது, கை யாருடையது என்று எத்தனை நாள் பேசுவீர்கள், அடித்தவனை வரச்சொல்லுங்கள் என்றார். அவனுக்கு வரப் பிடிக்கவில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"எம்புள்ளைய அடிச்ச கை அது. அந்தக் கையைப் பாக்காம நான் சாகமாட்டேன்னு எழுது" என்றார் என்னிடம்.

எழுதிவிட்டேன். மிரட்டல் இல்லை. அவர் குரலை நீ கேட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். ஒஜாராவோடு சேர்த்து உன்னையும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டியவர் அவர்.

லாலத்துக்கு இப்போது காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அன்று என்னிடம் கேட்டது அவளுக்கு நினைவில்லையாம். நினைவில்லை என்று அவள் சொல்கிறாள். ஆனால் அன்றிலிருந்து அதோச் தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு, வாசலில் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். ஏதோ திருடிக் குடித்தவள்போல ஒரு பார்வை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதாவது எழுது.

அபெர்


லமோலா,
நவம்பர், எள் கட்டுகள் வெயிலில் நிற்கின்றன.

கொழுந்தன் கிடேகாவுக்கு, அண்ணி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை, அதிலும் பாதி அடித்து எழுதியது. முதல் வரியில் 'அண்ணி' என்று இருந்தது. நான் அங்கேயே நிறுத்திவிட்டு, அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு, கை கழுவி வந்து மறுபடியும் படித்தேன். ஒஜாரா உன்னைவிட ஒரு மழைக்காலம் மூத்தவன், அந்தச் சாக்கில் நீ என்னை அண்ணி அண்ணி என்று கேலி செய்து வேலை வாங்குவாய், நான் கொழுந்தனாரே என்று முறைவைத்துக் கூப்பிட்டுத் திட்டுவேன். அந்தப் பேரை எடுத்துக் கூப்பிட எனக்கும் ஆளில்லாமல் போயிருந்தது.

எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டிருக்கிறாய். இருக்கிற முகத்தோடு வா. வேறு முகம் அங்கே தச்சுப் பட்டறையில் செய்து தருகிறார்களா?

அங்கே உள்ளே எல்லாம் சுலபம் என்று எழுதியிருக்கிறாய். மணி அடித்தால் எழுந்திருக்கலாம், மணி அடித்தால் சாப்பிடலாம், ஒருத்தரும் நீ என்ன செய்தாய் என்று கேட்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் ஏதோ செய்தவர்கள். நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டாய், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாய், பந்து விளையாடுகிறாய். ஊருக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் பயம் என்கிறாய். இதைப் படித்ததும் எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. இத்தனை வருடமும் உன்னை அடைத்துவைத்தார்கள் என்று நினைத்தேன். ஒளித்துவைத்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து உன்னையும், உன்னிடமிருந்து எங்களையும்.

எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லவேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். நீளமாகச் சொல்லவேண்டாம். என்ன சட்டை போட்டிருந்தாய் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். மான், கள், போதை, யார் ஈட்டி முதலில் பட்டது, அதெல்லாம் இரண்டு பக்கமும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. நீ எழுந்து நின்று "நான்தான் அடிச்சேன், ஒஜாராவ நான்தான் கொன்னேன்" என்று சொன்னால் போதும். சொல்லும்போது உன் குரல் உடைந்தால் உடையட்டும், நாங்கள் என்ன பாறையா? அன்று நான் அழுவேன், ஊருக்கே கேட்கும்படி அழுவேன், உன்னைத் திட்டவும் திட்டுவேன். அதற்கும் தயாராக வா. அதுவும் முறைதான்.

நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன், வந்து முழிக்காதே. நீண்டநாள் வெளியே இருந்து வருகிறவன் வீட்டு வாசலில் முட்டையை மிதித்துத்தான் உள்ளே போகவேண்டும், உனக்குத் தெரியும். முட்டை லாலம் வீட்டுக் கோழியுடையது. என் கோழி நன்றாக முட்டையிடுகிறது, ஆனால் அன்றைக்கு அது ஆகாது, அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் பார்த்து இரண்டு குலமும் ஓடைக்கரையில் கூடும். உங்கள் பக்கம் செம்மறி, எங்கள் பக்கம் வெள்ளாடு, இரண்டையும் வெட்டிப் பாதி பாதி மாற்றிக்கொள்வோம். பிறகு வேர் கரைத்த குடுக்கை நடுவில். உன் பக்கம் நீ மண்டியிடவேண்டும். எங்கள் பக்கம் என் மாமனார். அவரால் முழங்கால் மடக்க முடியவில்லை என்பதால் நான் மண்டியிடுகிறேன் என்று கேட்டேன். பெண்பிள்ளையா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். செத்தது இவ புருஷன்தானே, கசப்பு இவளுக்குத்தானே அதிகம் என்று மாமனார் சொன்னதும் அடங்கிவிட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்ட, நீயும் நானும் ஒரே குடுக்கையில் குனிந்து குடிக்கவேண்டும். சிரித்துவிடாதே. நீ முகாமில் எப்போதும் குடிக்கும்போது சத்தம் போடுவாய், ஒஜாரா திட்டுவான்.

லாலம் எழுந்து உட்காருகிறாள். மெலிவு போகவில்லை. டாக்டர் ஒன்றும் பயமில்லை என்கிறார், நான் நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன், அடித்து எழுதிய இடங்களையும் விடாமல். ஜிஞ்சாவுக்கு நான் போகமாட்டேன் என்று எழுது என்றாள். எழுதிவிட்டேன். பிறகு, அன்று நான் உன்னிடம் தண்ணீர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது என்றாள்.

அன்று கீழே வைத்த குடுக்கை அவள் வீட்டு மூலையில் அப்படியே இருக்கிறது. அதில் வேறு யாரும் மொண்டு குடிக்கக் கூடாது என்று அதோச்சிடம் சொல்லியிருக்கிறாளாம். நீ சொல்லவேண்டியதைச் சொல்லி, நாம் அந்தக் கசப்பைக் குடித்து முடித்த அன்றைக்கு, இறைச்சி வேகும்வரை நான் காத்திருக்கமாட்டேன். நேராக பம்புக்குப் போய், ஒரு குடுக்கைத் தண்ணீர் மொண்டு, என் கையால் அவளுக்குக் கொடுப்பேன். எனக்கு இந்த வழக்கில் வேண்டியது அவ்வளவுதான். கோர்ட்டில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சிறை அதிகாரி ஐயா, இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். வாசல்வரை அவனைக் கொண்டுவந்து விடும்போது, வடக்கே போகிற பஸ் எது என்று காட்டிவிடுங்கள். நெடுநாள் ஆகிவிட்டது, அவன் தடுமாறுவான்.

கிடேகா, வழியில் கால் இடறாமல் வா. உன்மேல் படிந்த கெட்டதெல்லாம் மேற்கே இறங்குகிற சூரியனோடு இறங்கிப் போகட்டும். ஒஜாராவும் உன்னை வழிமறிக்காமல் விடட்டும், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் நீ அந்தக் கடைசி வரியைக் கேட்கவில்லை. எனக்கே எழுதும்போது எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாய்போல. இத்தனை வருடமும் நீ கேட்டபோதெல்லாம் லாலம் சொன்னபடி 'நலம்' என்றே எழுதினேன். இன்று யாரும் சொல்லாமல் நானே எழுதுகிறேன். ஓடைக்கு அந்தப்பக்கம் நலமாக இல்லை. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி
அபெர்